மழைமானியா, வண்டி டிராக்கரா: காசை எதில் போடுவது?

உடுமலைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை, கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு சின்ன லோடு வண்டி. இவ்வளவு வைத்திருக்கிறவனுக்குக் காலையில் எழுந்ததும் இரண்டு கேள்விகள் வரும். ராத்திரி எத்தனை மழை? நேற்று வண்டி எத்தனை ஓடியது? இரண்டுக்கும் இப்போது கருவி விற்கிறார்கள். இரண்டும் செல்போனில் கணக்குக் காட்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பதோ இரண்டில் ஒன்றை நல்லதாக வாங்கும் அளவுக்குக் காசு. அதனால் ஆறு மாதமாக இதையே விசாரித்து, சிலதைக் கடன் வாங்கி ஓட்டிப் பார்த்து, ஒன்றில் நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன்.

முதலில் எனக்கே வியப்பாக இருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மழைமானியும் வண்டியின் கி.மீ. மீட்டரும் ஒரே குலம். இரண்டும் எண்ணத்தான் செய்கின்றன. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டிக் கணிப்பானை விவரித்திருக்கிறார். 4 அடி விட்டமுள்ள சக்கரம் 400 முறை சுற்றினால் ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். சாயங்காலம் கல்லை எண்ணினால் ஓடிய தூரம். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் கிறிஸ்டோபர் ரென்னும் ராபர்ட் ஹூக்கும் மழைக்கு இதே வேலையைச் செய்தார்கள். சின்ன வாளி நிறைந்ததும் தானாகக் கவிழும். கவிழ்ந்த எண்ணிக்கைதான் மழை. இன்று கடையில் விற்கும் மழைமானியிலும் அதே வாளிதான் இருக்கிறது. கூடவே ஒரு காந்தமும் சுவிட்சும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். எண்ணும் கருவி எண்ணத் தவறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விலைப் பட்டியல்கள் எதிலும் இல்லாத விஷயம்.

மழைக்கு என்னென்ன கிடைக்கிறது

எங்கள் அப்பத்தாவிடம் மழைமானி இருந்தது, வாசலில் கிடந்த ஆட்டுக்கல். குழி நிறைந்திருந்தால் "ஓர் உழவு மழை" என்பார். பாதி என்றால் விதைக்கலாமா வேண்டாமா என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பார். குழி அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால் கொஞ்ச மழைக்கே நிறைய நின்ற மாதிரி தெரியும். ஆனால் அதே கல், அதே இடம், அறுபது வருடம். நேற்றைய மழையைப் போன வருட மழையோடு ஒப்பிட அது போதும்.

அந்தக் குறையைச் சரிசெய்தால் கிடைப்பதுதான் சாதாரண மழைமானி. சுவர் நேராக நிற்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். வாய் அகலம் எதுவானாலும் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையளவு. ஸ்கேலை வைத்தால் முடிந்தது. வானிலைத் துறையின் பழைய சைமன்ஸ் மானிக்கு வாய் 5 அங்குலம், விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். தினமும் காலை 8.30-க்கு அளப்பார்கள். செய்தியில் வரும் "24 மணி நேரத்தில்" என்பது அந்த 8.30 முதல் 8.30 வரைதான். நம் கணக்கை ஊர்க் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டுமானால் நாமும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். நான் முதலில் ஆறு மணிக்கு அளந்துவிட்டு, தாலுகா அளவோடு ஒத்தே வரவில்லையே என்று குழம்பிக் கிடந்தேன்.

இதன் விலை சில நூறு ரூபாய். பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது. மழை எப்போது பெய்தது, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதும் தெரியாது. 40 மி.மீ. இரவு முழுக்கச் சாரலாக விழுந்தால் மண் குடித்துக்கொள்ளும். அதே 40 மி.மீ. அரை மணியில் கொட்டினால் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடையில் போய்ச் சேரும். டம்ளரில் இரண்டும் ஒன்றுதான்.

அந்த நேரத்தைப் பிடிக்க வந்தது சைஃபன் மானி. உள்ளே மிதவை, அதன் மேல் பேனா, கடிகாரத்தோடு சுற்றும் உருளையில் காகிதம். மழை பெய்யப் பெய்ய பேனா ஏறும்; 10 மி.மீ. ஆனதும் நீர் தானாக வடிந்து பேனா சரேலென்று கீழே இறங்கும். காகிதத்தைப் பார்த்தாலே கதை தெரியும். படுத்த கோடு மழையில்லாத நேரம், செங்குத்துக் கோடு கொட்டிய நேரம். பார்க்க எனக்கு மிகவும் பிடித்த கருவி. ஆனால் தினமும் காகிதம் மாற்ற ஆள் வேண்டும், மை காயக்கூடாது. வானிலை நிலையத்துக்குச் சரி, தோப்புக்கு ஆகாது.

இப்போது எல்லோரும் வாங்குவது கவிழும் வாளி மானி. பெரும்பாலும் காற்று வேகம் அளக்கும் கிண்ணம், வெப்பம், ஈரப்பதம் எல்லாம் சேர்ந்த ஒரே கம்பமாக வருகிறது. விலை சில ஆயிரத்தில் தொடங்கி எங்கேயோ போகிறது. நண்பர் ஒருவர் தோட்டத்தில் நிற்கும் ஒன்றை நான் சோதித்துப் பார்த்தேன். சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், மருந்துக் கடையில் ஒரு குளுக்கோஸ் டிரிப் செட் போதும். அவருடைய மானிக்கு வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. அப்படியானால் 1 மி.மீ. மழை என்பது 20 மி.லி. நீர், 0.2 மி.மீ.க்கு ஒருமுறை கவிழும் வாளிக்கு 4 மி.லி. பிடிக்கும். 500 மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 125 முறை கவிழ்ந்து 25 மி.மீ. காட்ட வேண்டும். அவருடையது 21 காட்டியது. கழற்றிப் பார்த்தால் வாளியின் ஒரு பக்கத்தில் குளவி மண்கூடு கட்டத் தொடங்கியிருந்தது. வாங்கி எட்டு மாதமாக அந்தக் கணக்கை நம்பித்தான் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. வாளி கவிழும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது. சாதாரண மழையில் இது அற்பம், பெருமழையில் கூடும். 2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. 0.2 மி.மீ. வாளி அன்று சரியாக எண்ணியிருந்தால் 4750 முறை கவிழ்ந்திருக்க வேண்டும், சராசரியாக 18 நொடிக்கு ஒருமுறை. மழை உச்சத்தில் இருந்த நேரத்தில் அதைவிட அடிக்கடி. நல்ல கருவிகளில் இதற்குத் திருத்தக் கணக்கு உள்ளேயே இருக்கும். மலிவானதில் இருக்காது. நம் சாதா டம்ளரோ அன்று பலமுறை நிரம்பி வழிந்திருக்கும், அதையும் சொல்ல வேண்டும். 100 சதுர செ.மீ. வாயும் 10 லிட்டர் புட்டியும் வைத்தால் 1000 மி.மீ. தாங்கும். சாதாரண மானி வாங்குகிறவர்கள் புட்டியின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அசையும் பாகமே இல்லாத புது வகையும் வந்திருக்கிறது. துளிகள் மூடியில் மோதும் அதிர்வை வைத்து மழையைக் கணிக்கும். இலை அடைக்காது, குளவி குடியேறாது. ஆனால் ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் வரும் சாரல் மாவு சலித்த மாதிரி மெல்லியது. அது மோதுவது அந்தக் கருவிக்குக் கேட்பதில்லை. பதிலுக்குக் கம்பம் காற்றில் ஆடினால் மழை என்று எழுதிவிடும். எனக்குச் சரிப்படாது.

சரி, ஒன்றுமே வாங்காவிட்டால்? வேளாண் பல்கலைக்கழகம் வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையம் வைத்திருக்கிறது. மேகதூத் ஆப்பில் வாராவாரம் வேளாண் ஆலோசனை வருகிறது. பொதுவான போக்குக்கு இது போதும். ஆனால் கோடை மழை ஓடைக்கு அந்தப் பக்கம் பெய்து இந்தப் பக்கம் தூசி பறக்கவிடும் ஊர் எங்களுடையது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நிலையம் என் தோப்பைப் பற்றி என்ன சொல்லும்? அதே சமயம், வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் கணக்குப் பார்ப்பது அறிவிக்கப்பட்ட நிலையத்தின் அளவைத்தான். நம் மானி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இழப்பீட்டுக்கு உதவாது. "இதை வைத்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்கும்" என்று விற்கிறவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக

பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற ஊர் இது. காற்றாலைகள் சும்மா வரவில்லை. இருந்தாலும் எனக்குக் காற்றின் வேகம் தேவைப்படுவது மருந்து அடிக்கும் காலையில் மட்டும். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் காற்று இருந்தால் அடிக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அதற்குக் கையில் பிடிக்கும் சின்ன விசிறி மானி போதும். கம்பத்தில் சுழலும் கிண்ண மானியை 1846-இல் அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் ராபின்சன் என்பவர் செய்தார். கிண்ணம் எந்த அளவாக இருந்தாலும் காற்று அதைவிட மூன்று மடங்கு வேகம் என்று அவர் நினைத்தார். கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து அந்த மடங்கு மாறும் என்று பிறகுதான் தெரிந்தது. கிண்ணத்தை மாற்றினால் கணக்கும் மாறும். அதனால் உடைந்த கிண்ணத்துக்கு வேறு கம்பெனிக் கிண்ணத்தை மாட்டாதீர்கள்.

வண்டிக்கு வருவோம்

மழையில் நான் தினமும் வாசலில் நிற்கிறேன். வண்டியில் நான் இல்லை. டிரைவர் தம்பி ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, வால்பாறை என்று சுற்றுகிறார். இந்த வித்தியாசம்தான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது, ஆனால் அது புரிய நேரம் எடுத்தது.

பழைய வழி டிரிப் ஷீட். கிளம்பும்போது மீட்டர், வந்ததும் மீட்டர், டீசல் பில். இன்றும் மைலேஜ் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டேங்க் ஃபுல் செய்து, அடுத்த ஃபுல்லுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்து, ஓடிய கி.மீ.யை அதனால் வகுத்தால் போதும். ஏன் என்பதை ஓபிடி பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஓபிடி என்பது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இங்கே பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி என்றால் கட்டாயம் இருக்கும். கட்டைவிரல் அளவு டாங்கிளை அதில் செருகினால் புளூடூத் வழியாக இன்ஜின் சுற்று, கூலன்ட் சூடு, வேகம், பழுதுக் குறியீடு எல்லாம் போனில் வரும். இன்ஜின் லைட் எரியும்போது மெக்கானிக்கிடம் போகும் முன்னால் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள இதற்கு இணை இல்லை. பிஎஸ்-6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பக்கத்து ஊருக்கு மட்டுமே ஓட்டினால் அது சூடேறிக் கரியை எரிக்க நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அந்த எச்சரிக்கை முதலில் இங்கேதான் தெரியும்.

ஆனால் "லிட்டருக்கு எத்தனை" என்று அந்த ஆப் காட்டுவதை டீசல் வண்டியில் நம்ப வேண்டாம். பல ஆப்கள் உள்ளே போகும் காற்றின் அளவை வைத்து எரிபொருளைக் கணிக்கின்றன. பெட்ரோல் இன்ஜினில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதம் ஏறக்குறைய நிற்கும். டீசல் இன்ஜின் அப்படி இல்லை. தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டே ஓடும், லோடுக்கு ஏற்ப டீசலை மட்டும் கூட்டிக் குறைக்கும். அதனால் காற்றை எண்ணி டீசலைச் சொல்வது, பந்திக்கு வந்த செருப்பை எண்ணி எத்தனை பேர் பாயசம் குடித்தார்கள் என்று சொல்வது போல. இன்னொன்று, அந்தச் சாக்கெட்டுக்கு வண்டி நின்றிருக்கும்போதும் பேட்டரிக் கரன்ட் வரும். டாங்கிளைச் செருகியே வைத்து நாலைந்து நாள் வண்டியை நிறுத்தினால் பேட்டரி இறங்க வாய்ப்பு உண்டு. தேவைப்படும்போது செருகி எடுத்துவிட வேண்டிய சாமான் இது.

அடுத்தது ஜிபிஎஸ் டிராக்கர். நான் ஏமாந்தது இதில்தான், அதுவும் இரண்டு விதமாக.

முதல் டிராக்கரை வாங்கியபோது ஆப் அழகாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் ஆப் திறக்கவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. சர்வரை மூடிவிட்டார்கள் போல. பெயர் எதற்கு, கருவி இப்போதும் வண்டியில் உயிரோடுதான் இருக்கிறது, யாரிடம் பேசுகிறது என்றுதான் தெரியவில்லை. இரண்டு வருடக் கணக்கு போயிற்று. அப்பத்தாவின் ஆட்டுக்கல் அறுபது வருடம் நின்றது நினைவுக்கு வந்தது.

இரண்டாவது டிராக்கரை மாட்டியபின் வேறு சிக்கல். வால்பாறை போய் வந்த நாட்களில் மட்டும் வண்டி மீட்டர் ஒன்று சொல்லும், டிராக்கர் அதைவிடக் குறைவாகச் சொல்லும். சமவெளியில் இந்த அளவு வித்தியாசம் இல்லை. மீட்டரில் ஏதோ செய்கிறாரோ என்று ஒரு மாதம் டிரைவர் தம்பியைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணா, மலை ரோடு நேராவாங்க போகுது?" என்றார்.

அந்த ஒரு வரியில் விஷயம் முடிந்தது. என் டிராக்கர் 60 நொடிக்கு ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தது. மலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு நிமிடத்தில் 333 மீட்டர். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கொண்டை ஊசி வளைவே அடங்கிவிடும். கருவி இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துக் கணக்குப் போடும். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், இறங்கும்போது இன்னொரு 40. இடைவெளியை 10 நொடியாக மாற்றினேன், வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் டயரில் இருந்தது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டர் அதிகம் காட்டும். 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 6 மி.மீ. தேய்ந்தால் 2 சதவீதம். ஆயிரம் கி.மீ.க்கு 20 கி.மீ. யாரும் திருடவில்லை, ரப்பர் தேய்ந்திருக்கிறது.

வேகத்திலும் இதே கூத்து. மீட்டர் 60 காட்டும்போது டிராக்கர் 56 காட்டும். வண்டி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதே ஐ.நா. வாகன விதி. அதனால் தயாரிக்கும்போதே கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். இதைத் தெரியாமல் ஊழியரிடம் சண்டை போட்ட முதலாளிகள் நிறையப் பேர் இருப்பார்கள், நானும் அந்த வரிசையில் ஒரு மாதம் நின்றவன்தான்.

டிராக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது மூன்று: இடைவெளியை நானே மாற்ற முடியுமா? இக்னிஷன் வயர் இணைப்பு உண்டா? மாதாமாதம் கணக்கை ஃபைலாக இறக்கிக்கொள்ள முடியுமா? இரண்டாவது எதற்கென்றால், தகரக் கூரைக்குள் நிற்கும் வண்டிக்கு ஜிபிஎஸ் சிக்னல் அலைபாயும். இக்னிஷன் இணைப்பு இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிடும். பயணிகள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் பதிவான பொதுப் பயணிகள் வண்டிகளுக்கு, ஆட்டோ போன்றவை தவிர, ஏஐஎஸ்-140 என்ற அரசுத் தரத்திலான டிராக்கரும் அவசரப் பொத்தானும் கட்டாயம். சரக்கு வண்டி என்றால் உங்கள் பெர்மிட்டுக்கு என்ன விதி என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டேஷ்கேம், அதாவது முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா, வேறு ரகம். அது கணக்குக்கு இல்லை, சாட்சிக்கு. 32 ஜிபி கார்டில் நாலு மணி நேரம் போலப் பதிவாகும், பிறகு பழையதன் மேலேயே எழுதும். அதிர்வு உணர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் வேகும் சாமான் என்பதால் லித்தியம் பேட்டரி உள்ளதை விட்டுவிட்டு சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். விபத்துக்கு முந்தைய நொடிகளின் வேகம், பிரேக் எல்லாவற்றையும் காரே குறித்து வைக்கும் பதிவுப் பெட்டியும் உண்டு. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயம். ஆனால் கடையில் போய் வாங்கி மாட்டும் பொருள் அல்ல என்பதால் நம் கணக்கில் வராது.

நான் எடுத்த முடிவு

மழைக்குச் சாதா மானி, பெரிய புட்டியோடு. பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு நோட்டு. காலை 8.30-க்கு நான் எப்படியும் தோப்பில் இருக்கிறேன். மழையின் வேகம் தெரியாமல் போவது குறைதான். கொட்டும் இரவுகளில் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது, மணியைப் பார்த்து நோட்டில் எழுதிவிடலாம். மிச்சக் காசு எல்லாம் வண்டிக்கு: 10 நொடி இடைவெளி டிராக்கர், சந்தாவோடு. ஓபிடி டாங்கிள் டூல் பெட்டியில் கிடக்கும். டேஷ்கேம் அடுத்த தேங்காய் வெட்டுக்கு.

நீங்கள் கோவையில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர் என்றால் இதைத் தலைகீழாகப் போடுங்கள். சிம் போட்ட கவிழும் வாளி மானியே உங்களுக்குச் சரி, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரிப் செட் சோதனையையும் குளவி வேட்டையையும் விடாதீர்கள். வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் டிராக்கர் எதற்கு, டேஷ்கேம் வாங்குங்கள்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. மானி நிற்கும் இடத்துக்கும் பக்கத்து மரத்துக்கும் நடுவே, மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். என் தென்னைகள் 12 மீட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் 24 மீட்டர் தள்ளி மரமில்லாத இடம் என்று அளந்து பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் தேறியது, களத்தின் நடு மையம். அங்கே அம்மா மிளகாய் காயப்போட்டிருக்கிறார். ரெண்டு சாண் இடம்தானே என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். தை கழியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.